மூணு மணி மழை

என் வீட்டுக்காரர் தாண்டவராயனுக்கு ரயில்வே பென்ஷன் கைக்கு வந்த மாதமே இந்தியாப் பைத்தியம் பிடித்துவிட்டது. மலேயாவில் தைப்பிங் ஸ்டேஷனில் வாழ்நாளெல்லாம் சிக்னல் ஏற்றி இறக்கிய மனிதர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும், "இந்தப் பென்ஷன் இங்க வீட்டு வாடகைக்கே காணாது ஜெயம். அங்க போனா இதே காசுல மீனும் சோறுமா இருக்கலாம்" என்று ஆரம்பித்தார். அங்கே என்றால் விழுப்புரம். அவருடைய அப்பா ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அதற்காக? நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததும் வளர்ந்ததும் மலேயாவில். எனக்கு இந்தியா என்றால் சாமி படக் காலண்டரில் பார்த்ததுதான்.

"ஒரு வருஷம் இருந்து பாரு. விசா முடியறப்ப பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். மறுபேச்சு இல்லாம கப்பலேறிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்கே நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டேன்.

எண்பத்திரண்டு ஆடி மாதம் வந்து இறங்கினோம். வீடு பார்த்தாரே, அதையாவது நல்ல இடத்தில் பார்த்தாரா? ரயில் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருமாம். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், கூட்ஸ் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு.

தைப்பிங்கில் மழைக்கு யாரும் காத்திருப்பதில்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் அதுவாக வந்துவிடும். அதற்கு முன்னால் கொடியிலிருந்து துணியை எடுக்காதவளைக் குடும்பப் பெண் என்றே சொல்லமாட்டார்கள். விழுப்புரத்துக்கு வந்த பிறகும் என் உடம்புக்கு அது மறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தால், பாதித் தூக்கத்தில் தகரக் கூரையில் மழை கொட்டுவது கேட்கும். மண் வாசனைகூட வரும். பக்கத்தில் தைப்பிங் வீட்டுச் சன்னல், அதற்கு வெளியே பச்சை மலை, மலை மேல் இறங்கும் மேகம். அடித்துப் பிடித்துக்கொண்டு கொடிக்கு ஓடுவேன். வெளியே வெயில் கண்ணைக் குத்தும். கூட்ஸ் பெட்டிகளைத் தடதடவென்று ஒன்றோடொன்று முட்டிக் கோத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம்தான் தூக்கத்துக்குள் வந்து மழையாகியிருக்கும்.

ஓடி வந்தது வந்தாயிற்று என்று துணியை எடுத்துக்கொண்டு திரும்புவேன். பக்கத்து வீட்டு முனியம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவாள். பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை விற்கிறவள்; அவள் பாஷையில் மல்லாட்டை.

"இன்னாக்கா, மழை வந்துக்கினு இருக்குதா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "வந்துக்கினு, போய்க்கினு! இதெல்லாம் ஒரு தமிழா?" என்று உள்ளே வந்து இவரிடம் பொரிந்து தள்ளுவேன். இவர் பெஞ்சில் மல்லாந்து படுத்திருப்பார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "துணி எடுத்துட்டியா?" என்பார்.

"எடுத்துட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் குறட்டை விடுவார். அந்தக் கேள்வி தினமும் உண்டு. துணி மேல் இவருக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு நாள் திண்டிவனம் போய், அங்கிருந்து ஒலக்கூர்ப் பக்கம் பஸ் மாறி, மாமனார் பிறந்த ஊருக்குப் போனோம். அவர் பேரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவர் வாயிலிருந்து சட்டென்று "தைப்பிங்" என்று வந்தது. திரும்பித் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மண்டு நான்.

எனக்கோ வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்று கடைத்தெருவில் எல்லோருக்கும் நினைப்பு. காய்க்காரன் என்னைக் கண்டாலே விலையை ஏற்றுவான். ஒரு நாள் முனியம்மாள் பிடித்துக்கொண்டாள். "யோவ், மலேயான்னா இன்னா, பணம் மரத்துலயா காய்க்குது? அந்தக்காவும் மாசம் பொறந்து பென்ஷன் வந்தாத்தான் ஒலை வெக்குது. ஜல்தியா சரியான வெலையச் சொல்லு!" கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போனது. ஆனால் வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எனக்காக ஒருத்தி சண்டை போட்டு எத்தனை காலம் ஆயிற்று!

அப்புறம் மல்லாட்டை ஆய்வதற்கு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். என் வீட்டுச் சாவி என் இடுப்பில். மலேயாவில் மகன் பச்சைமுத்து வீட்டோடு இருந்திருந்தால் மருமகளைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும்; இங்கே அது இல்லை. நாக்கு நுனியில் வைத்திருந்த அந்த வார்த்தை எப்போது உள்ளே போனது என்று எனக்கே தெரியாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கோடையில் குடத்தோடு அலைந்தோம். விசா முடியும் ஆடி திரும்ப வந்தது. ஒரு நாள் காலையில் இவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்குக் கடலூர் போலீஸ் ஆபீசுக்குப் போகணும். விசாவை நீட்டிக்கச் சொல்லவா, டிக்கெட் எடுக்கவா? உன் வார்த்தைதான்."

"சாயங்காலம் சொல்றேங்க" என்றேன். இருந்துவிடலாம் என்று சொல்லப் போகிறேன், அவர் முகம் மலரப்போகிறது என்று நினைத்து எனக்குள்ளேயே பூரித்துக்கொண்டேன்.

மத்தியானம் முனியம்மாள் வீட்டில் உட்கார்ந்து பேச்சு, சிரிப்பு, மடி நிறைய மல்லாட்டை. வாசல் இருட்டியதுகூடத் தெரியவில்லை. இடி இறங்கியது. ஐயோ, துணி! மல்லாட்டையைக் கொட்டிவிட்டு ஓடினேன். அதற்குள் சோவென்று பிடித்துக்கொண்டது.

கொடிக்கு அடியில் இவர் நின்றுகொண்டிருந்தார். என் புடவையும் அவர் வேட்டியும் சொட்டச் சொட்ட நனைகின்றன. குடை மடித்தபடி கையில் தொங்குகிறது. முகத்தை வானத்துக்குக் காட்டிக் கண்ணை மூடியிருக்கிறார்.

"ஏங்க! துணியை எடுக்கக் கூடாதா?"

"அதே மழை ஜெயம்" என்றார். "அப்படியே நம்ம தைப்பிங் மழை."

அழுகிறார். மழையிலும் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

"நீ தினம் துணி எடுக்கற வரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு. இவளுக்கு இன்னும் அந்த ஊருதான், வருஷம் முடிஞ்சதும் போலாம்னு சொல்லிருவான்னு. இன்னைக்கு மறந்துட்டே."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அட பாவி மனுசா! ஒரு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தவன் எந்த முகத்தோட முதல்ல சொல்றது?"

"போலாம். நாளைக்கே டிக்கெட் எடுங்க."

தலையை ஆட்டினார். வேட்டியை எடுத்து முறுக்கிப் பிழிந்தார். "எங்க போய் இருக்கறது? பச்சைமுத்து வீட்டு ஹால்ல பாய் விரிக்கணும். அவங்க டிவி பார்த்து முடிச்சாத்தான் நமக்குத் தூக்கம். இந்தப் பென்ஷனுக்கு அங்க மழை மட்டும்தான் கிடைக்கும், ஜெயம். கூரை கிடைக்காது." பிறகு கேட்டார்: "உனக்கு இங்க பிடிச்சிருக்குல்ல?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. "பிடிச்சிருக்குங்க" என்றேன்.

மறுநாள் கடலூர் போய் விசாவை நீட்டித்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பெஞ்சில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். நான் தூங்கவே இல்லை. தடதடவென்று கூட்ஸ் பெட்டிகள் முட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் எழுந்து கொடிக்குப் போனேன். முனியம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்து, கொளுத்தும் வெயிலில் கறுப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

"மழை வருதா?" என்றார் மெதுவாக.

"வந்துக்கினு இருக்குதுங்க" என்றேன்.

அவர் குடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.