பெருங்காயம் இல்லாத ரசம்

காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுவேன். அடுப்பின் இன்னொரு பக்கத்தில் என் மகள் சுகாவின் தோசைக்கல். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் சுற்றியிருக்கும். அதில் வேறு எதுவும் சுடக் கூடாது. இரண்டு தோசை அவள் தட்டுக்கு, இரண்டு டிபன் டப்பாவுக்கு. தலை வாரிவிடுவேன். வகிடு கோணலாக வரும். சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம் போவேன்.

என் மனைவி முத்துச்செல்வி இறந்த பிறகு இதில் பெரிதாக எதுவும் மாறவில்லை. முன்பு வகிடு நேராக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சுகாவை வேனில் ஏற்றவில்லை. அவள் வயிறு உப்பியிருந்தது. வயிற்றுப்போக்கும் இருந்தது. லீவு சொல்லிவிட்டு, தண்டலத்தில் டாக்டர் பெருந்தேவியிடம் கூட்டிப் போனேன். செல்வியின் அண்ணன் வனமாமலையும் அவர் மனைவி கனகலட்சுமியும் கூடவே வந்தார்கள். நாங்குநேரியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். சுகாவைத் தங்களோடு கொண்டுபோய் வளர்ப்பதற்காக வந்திருந்தார்கள்.

பெருந்தேவி குழந்தைகளின் குடலுக்கும் சாப்பாட்டுக்குமான டாக்டர். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். நான்கு வயதில் சுகா இரண்டு வயதுக் குழந்தையின் எடைதான் இருந்தாள். மற்றவர்கள் பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதினார்கள். இவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். சீலியாக் என்றார். கோதுமை உள்ளே போனால் உடம்பு தன் குடலைத் தானே அரித்துக்கொள்ளும். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை மூன்றும் ஆயுள் முழுக்கக் கூடாது. "நம்ம பக்கம் அபூர்வம். அதனாலேயே யாரும் தேடறதில்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் சுகாவுக்குக் கன்னம் வந்தது.

டாக்டர் அவளைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினார்.

"என்னடி இது, தவில் மாதிரி இருக்கு? யார் வாசிச்சா?"

சுகா சிரித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டா?"

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் எனக்கு ஓவர்டைம், ஓடி. கனகலட்சுமி மதினிதான் பதில் சொன்னார்.

"சோறுதான் டாக்டரம்மா. ஒரு பொட்டு கோதுமை கண்ணுல காட்டல. சனிக்கிழமை லேசா வயிறு வலிக்குன்னா. அன்னையிலருந்து வேளைக்கு வேளை மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடுக்கேன். அப்படியும் கேக்க மாட்டேங்கு."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கேக்காதும்மா. கடைப் பெருங்காயத்துல மைதா கலப்பாங்க."

"பெருங்காயத்துலயா?" மச்சான் சிரித்தார். "எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கே தொப்புளச் சுத்திப் பத்து போடுவோம். வயித்துக்கு அதவிட நல்லது உண்டுமா?"

"உங்க வயித்துக்கு நல்லதுதான். நீங்க தினம் சாப்பிடுங்க."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பெருங்காயமும் கூடாது என்று நான் மச்சானிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். அவர் அதை மதினியிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு ஒரு விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

"அழாதீங்க, இது இறங்கிடும்" என்றார் டாக்டர். "ஆனா இப்படியே நடந்துதுன்னா ஏறின எடையெல்லாம் போயிடும். வளர்த்தி நின்னுடும்."

"இனிமே பெருங்காயமும் கிடையாது, சரியா?" என்றார் மச்சான். "ஊருக்குக் கொண்டு போயி நாங்க பாத்துக்கிடுதோம். கோயில் கொடை, கல்யாணம்னா மட்டும் ஒரு வாய் குடுக்கலாம்லா?"

"கூடாது. எங்கப்பா கையால பண்ணின புளியோதரையையே இவளுக்குத் தராதேன்னு சொன்னவ நான். அவர் ஒரு வாரம் என்னோட பேசல. பேசாட்டிப் போறார்னு விட்டுட்டேன்."

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு கஷ்டம்னா ஒத்த ஆம்பள எப்படிய்யா பாப்பீரு? ஷிப்டு, ஓடின்னு அலையுதீரு. நேத்து வீட்டுல இருந்தீரா?"

"இல்ல. இனிமே ஞாயித்துக்கிழமை ஓடி போகல. பள்ளிக்கூடம் விட்டா மாடி வீட்டு கிளியம்மாள் பாத்துக்கிடுவாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். செல்வி சொல்லிக் குடுத்திருக்கா. சுகா எங்கயும் வரல மச்சான்."

"நீரு சொன்னா ஆச்சா? சாகுறதுக்கு மொத நாளு என் தங்கச்சி போன்ல என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு ஒண்ணுன்னா எம்புள்ளைய நீதாண்ணே வளக்கணும்'னா. அதுதாம்வே அவ கடைசியா சொன்னது."

துக்கத்தன்று அந்த வாக்கியம் வேறு மாதிரி இருந்தது. பதினாறாம் நாள் இன்னொரு மாதிரி இருந்தது. அப்போதெல்லாம் தலையாட்டினேன். சுகா மேசையிலிருந்து இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"அது கடைசி இல்ல" என்றேன்.

"பின்ன எது? சொல்லும், கேப்போம்."

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடவில்லை. மதினி அழுகையை நிறுத்தினார்.

அந்தப் போனுக்கு மறுநாள் செல்விக்கு முதல் ஷிப்டு. எனக்குச் சமையல். ஸ்கூட்டியில் கிளம்பினாள். ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் கன்டெய்னர் லாரி. அதற்கு முன்பு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். குழந்தையை யார் வளர்ப்பது என்பது பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அங்கேயே, அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அப்படியே சொன்னேன்.

"ரசத்துக்குப் பெருங்காயம் போட்டுராதீய. போட்டியன்னா வந்து மிதிப்பேன்."