சவுனாவுக்குள் ஒரு மேசை

தச்சன் தவுனோவுக்குச் சிர்க்கா தர வேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது யூரோ. மரம், திருகாணி, கூலி எல்லாம் சேர்த்துத்தான். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றாள். இரண்டு சம்பளம் வந்து போய்விட்டது. தவுனோவும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் புருஷன் இல்மோவும் அவனும் கோவொலா காகித ஆலையில் இருபத்தாறு வருஷம் ஒரே ஷிப்டு; தவுனோ தச்சு வேலைக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

வேலை என்னவென்றால், வீட்டுச் சவுனாவை, கல்லைச் சூடாக்கி வேர்க்க உட்காரும் அந்தக் குளியல் அறையை, ஆபீஸாக மாற்றுவது. சிர்க்காவுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. வீடு எரிந்தது, தண்ணீர் புகுந்தது என்று வரும் மனுக்களைப் படித்துப் பணம் உண்டா இல்லையா என்று எழுதுவாள். கம்பெனி ஊரில் இருந்த அலுவலகத்தை மூடிவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டது. வீடோ இரண்டு அறை. போன வருஷத்திலிருந்து ஞாபகம் நழுவிக்கொண்டிருந்த இல்மோ, கூடத்தில் நாள் முழுக்க டிவியை அலறவிட்டுக்கொண்டிருப்பான். சத்தம் புகாத பலகைச் சுவரும் ஒழுங்காகச் சாத்தும் கதவும் சவுனாவுக்குத்தான் இருந்தன.

சவுனாவில் உட்காருவதற்கு இருந்த மரப்படிகளைத் தவுனோ கழற்றினான். சிர்க்காவை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கைக்கும் தரைக்கும் அளவெடுத்தான். அந்த உயரத்துக்கு மேசை. கழுத்து குனியாதபடி கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு சின்ன மேடை. கண்ணில் அடிக்காமல் இடப்பக்கம் விளக்கு. மிச்சம் இருந்தது அடுப்பு ஒன்றுதான். கரண்டு அடுப்பு, மேலே கருங்கற்கள் குவித்தது.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதுக்குக் கரண்டை வெட்டிடும்மா," என்றான்.

"சவுனா இல்லாத வீட்டை நாளைக்கு எவன் வாங்குவான்? பத்தாயிரம் கொறைச்சுக் கேப்பான். அப்படியே இருக்கட்டும், மேல மேசையைப் போட்டு மூடிடுங்க. அடுப்பை யாரு போடப்போறா? நான்தான அங்க உக்காந்திருக்கப்போறேன்."

கூடத்திலிருந்து இல்மோ குரல் கொடுத்தான். "டேய் தவுனோ, என் சவுனாவுல காகிதம் வேகவைக்கப் போறீங்களா? ஆலையில வேகவச்சது பத்தலையா?"

"சவுனாவுல உன் வெத்து முதுகைப் பாக்குறதுக்குக் காகிதத்தைப் பாக்கலாம்டா," என்றான் தவுனோ.

அடுப்புக் கல்லின் மேல் ஒரு துண்டு காயப்போடுவதே தப்பு என்று அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தவுனோவுக்குத் தெரியாதா? ஆனால் ஒரு சவுனாவை அடியோடு சாகடிக்க அவனுக்கும் கை வரவில்லை. அடுப்பைச் சுற்றிப் பெட்டி அடித்து மேசையை ஏற்றினான். என்றாவது வேண்டியிருக்கும் என்று, அடுப்பைப் போடும் திருகு இருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கதவு விட்டான்.

அடுத்த வாரம் சிர்க்கா போன் செய்தாள். "முதுகு வலியே போயிடுச்சு தவுனோ. ஒரு நாளைக்கு முப்பது மனு முடிக்கிறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவுனா அடுப்பைப் போடுவது இல்மோவின் வேலை. நாற்பது வருஷப் பழக்கம். பெண்டாட்டி பெயரே சில நாள் மறந்துபோன மனுஷனுக்கு அது மறக்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சிர்க்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில், சின்னக் கதவைத் திறந்து திருகைத் திருப்பிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். கல் சூடேறி மேசை பற்றிக்கொண்டது. தீயணைப்புக்காரர்கள் தூக்கியபோது மடியில் துண்டு இருந்ததாம். நெருப்பு அவனைத் தொடவில்லை. புகைதான் கொன்றது.

பத்து நாள் தவுனோ ரம்பத்தைத் தொடவில்லை. போன் அடித்தால் போலீஸ் என்றே நினைத்தான். மேசையை அடித்தது யார் என்று ஒரு கேள்வி போதும். அறுபத்தொரு வயதில் ஜெயில், இல்லாவிட்டால் அபராதம்; இருக்கிற வேனையும் விற்றாலும் கட்டி முடியாது.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். சிர்க்கா கண்ணைக் காட்டி அவனைக் கோட்டு மாட்டும் இடத்துக்குக் கூப்பிட்டாள்.

"மேசையை யாரு போட்டதுன்னு போலீஸ்காரங்க கேட்டாங்க."

தவுனோ கையிலிருந்த கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"இல்மோன்னு சொல்லிட்டேன். கை வேலை தெரிஞ்ச ஆளுதான, நம்பிட்டாங்க."

"செத்தவன் தலையிலயாம்மா?"

"அவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாதுல்ல."

"நான் போய் உள்ளதைச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க. கரண்டை வெட்டச் சொன்னேன், அவதான் கேக்கலன்னும் சேத்துச் சொல்லுங்க."

 உள்ளே யாரோ கேக் வெட்டும்போது கத்தி தட்டில் படுகிற சத்தம் கேட்டது.

"இன்சூரன்ஸு?" என்றான் கடைசியில்.

"வராது. அடுப்பின் மேல் பொருள் இருந்ததால் இழப்பீடு இல்லைன்னு நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன். அந்த மேசையில உக்காந்தே நாலு பேருக்கு எழுதினேன்."

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். 

"பில்லு எதுவும் அனுப்பாதீங்க. எழுதி வச்சிருந்தா கிழிச்சுடுங்க. நீங்க அந்த வீட்டுல வேலையே பாக்கல, அப்ப எனக்கு ஏது கடன்?"

"சரிம்மா," என்றான் தவுனோ. அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வேனில் ஏறிக் கணக்கு நோட்டை எடுத்தான். சிர்க்கா பெயர் இருந்த வரியைப் பேனாவால் அடித்தான். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. பக்கத்தையே கிழித்தான். வேறு இரண்டு பேருடைய பாக்கியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதுவும் அதோடு போயிற்று.