கைப்பிடி அரிசிப் பை

வீட்டுச் சாமான் ஏற்ற வந்த பேக்கர்ஸ் ஆட்களை நான் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? போனில் தேன் ஒழுகப் பேசிய மேனேஜர் வரவில்லை. முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே பீரோவைத்தான் பார்த்தார்கள்.

பம்மல் வீட்டைக் காலி செய்து பெருங்களத்தூர் ஃபிளாட்டுக்குப் போகிறோம். அடுத்த மாதம் மகள் ஜெரூஷாவுக்குக் கல்யாணம். அவளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை மொத்தமும் வீட்டில்தான் இருந்தது. பேங்க் லாக்கர் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அவர்களையும் நான் நம்புவதில்லை.

முந்தின நாளே நகையைத் துணியில் முடிந்து, கைப்பிடி அரிசிப் பைக்குள் புதைத்து, பை வாயைக் கட்டிச் சமையல் மேடையில் வைத்துவிட்டேன். எங்கள் திருச்சபையில் வீட்டுக்கு வீடு இந்தப் பை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று அதில் போடுவோம். அதில் எந்தத் திருடன் கை வைப்பான்? என் வீட்டுக்காரர் தேவானந்தத்திடம்கூட நான் மூச்சு விடவில்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது.

அன்று முழுக்க ஆட்களின் பின்னாலேயே சுற்றினேன். ஒருவன் டேப் ஒட்டினால் பக்கத்தில் நின்றேன். மேஸ்திரி குப்புராஜ் அடிக்கடி லாரிப் பக்கம் போனான், தண்ணி குடிக்கவாம். வீட்டுக்காரர் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அதை யார் கவனித்தது?

சமையலறைக்கு வந்தால் மேடை காலி. பையைக் காணோம்.

ஓடிப்போய் லாரியை மறித்தேன். ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கிப் பிரிக்கச் சொன்னேன்.

"அரிசி பருப்புலாம் நாங்க ஏத்தறதே இல்ல மேடம். அத்த இன்னாத்துக்கு எடுக்கப்போறோம்?" என்று சாதித்தான் குப்புராஜ்.

போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். திருடினவனுக்குத்தான் இவ்வளவு திமிர் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார்.

"கைப்பிடி அரிசியா? ஜான்சி வசூலுக்கு வந்தாங்க. வீடு காலி பண்றோமேன்னு பையோட குடுத்துட்டேன்."

ஐயோ, இந்த மனுஷனோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேனோ! ஜான்சி எங்கள் சபைக்காரி, அடுத்த தெரு. நான் வேலைக்குப் போன நாளெல்லாம் ஜெரூஷாவுக்குச் சோறு ஊட்டியவள். ஆனால் அவளுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள், ஜாஸ்மின். அவளுக்குப் போடக் குண்டுமணித் தங்கம் கிடையாது. தெரு முனையைத் தாண்டுவதற்குள் எனக்கு இதெல்லாம் தோன்றிவிட்டது. இந்நேரம் முடிச்சை அவிழ்த்திருப்பாளோ?

அவள் வீட்டுக் கூடத்தில், மற்றப் பைகளோடு, என் பை கட்டினது கட்டினபடி இருந்தது. அதை வெடுக்கென்று எடுத்துத் தரையில் கொட்டினேன். ஆரம், வளையல், ஜிமிக்கி, எல்லாம் இருந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜிமிக்கியின் திருகைக்கூட விடவில்லை.

நிமிர்ந்தால், ஜான்சி சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் கதவோரம் நின்று என் கையையே பார்த்தாள்.

"எல்லாம் கரெக்டா இருக்கா அக்கா?" என்று கேட்டாள் ஜான்சி.

இருக்கிறது என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் மகள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஜாஸ்மின், நம்ம பீரோவையும் தொறந்து காட்டிடும்மா. அக்கா நிம்மதியா புது வூட்டுக்குப் போவட்டும்."

அந்தப் பெண் சாவியை எடுக்க உள்ளே போனாள்.