ஸ்டிக்கர் கிழிக்காத டம்ளர்

திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாகம் எடுக்குமா? வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ரங்கராஜைப் பார்த்தபோது அன்புக்கரசிக்கு அதுதான் தோன்றியது. கோவையில் கல்லூரியில் வருடாவருடம் அவள் நடத்தும் பாடம். யார் வீட்டில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாதபடி எல்லோரும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டம் எழுதினால், அது நியாயமாக இருக்கும். போன மாதம் மாணவி ரித்திகா எழுந்து, "மேம், அங்க டீ யாரு போடுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்புக்கரசியும் சிரித்தாள். அந்தப் பாடத்தை எழுதியவருக்குத் தாகமெடுத்தபோது யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது புத்தகத்தில் இல்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தார்.

ரங்கராஜின் வாழைத்தோட்டத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த மின்வேலியில் செத்தார் அப்பா ஐயாசாமி. விடியுமுன் வந்து மோட்டார் போடச் சொன்னவர் ரங்கராஜ்தான். வேலிக்குக் கரண்ட் கொடுத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. புகார் கொடுத்தவள் அன்புக்கரசி. காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தெருவுக்குள் ரங்கராஜ் வீட்டார் யாரும் இதுவரை கால் வைத்ததில்லை. எதிர் வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, காலேசுல பாடம் நடத்தறவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? நானென்ன வேணும்னா செஞ்சுபோட்டேன்? ஐயாசாமி எங்கூட்டுல ஒருத்தனாட்டத்தான இருந்தான். புகாரத் திருப்பி வாங்கிக்கோங்க."

அப்பா அவரைவிட ஒரு தலைமுறை மூத்தவர். ரங்கராஜ் வீட்டுக் கொல்லையில் அப்பா குனிந்து கைகளைக் குவித்து நின்றதும், மேலேயிருந்து யாரோ ஊற்றிய தண்ணீர் முழங்கை வழியே மண்ணில் வழிந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. குடித்ததைவிட வழிந்ததுதான் அதிகம்.

ரங்கராஜ் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. குடிச்சுப்போட்டுப் போறேன்."

இந்த ஊரில் பகை தீர்ந்தது என்றால் எதிராளி வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். குடித்துவிட்டால் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. உள்ளே நின்ற அம்மா ராசம்மாளுக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் அவள் முகம், சாவுக்குப் பின் முதல் தடவையாக, மலர்ந்தது. ஓடிப்போய் பீரோவிலிருந்து அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். அன்புக்கரசிக்கு வேலை கிடைத்த அன்று, இனி நம்மூட்டுக்கும் பெரிய ஆளுங்க வருவாங்க என்று சொல்லி அப்பா வாங்கி வந்தது. ஒருவரும் வரவில்லை. மூலையில் இருந்த பானையருகே நின்று, அதன் ஸ்டிக்கரை அம்மா நகத்தால் சுரண்டினாள்.

"உங்கப்பன் இருந்து பாத்திருக்கோணும் கண்ணு," என்றாள், மெல்ல.

அப்பாவை அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? நிலம் கேட்டிருக்க மாட்டார். இதைத்தான் கேட்டிருப்பார்.

அன்புக்கரசி எழுந்து போய், அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"தண்ணி இல்லீங்க," என்றாள்.

விளிம்புவரை நிறைந்திருந்த மண்பானையின் வயிற்றில் ஈரம் பூத்து, ஒரு சொட்டு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பாதி கிழிந்த ஸ்டிக்கர் அம்மாவின் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது.