மூன்று இழுவை

எங்கள் மீனவர் சங்கக் கந்தோரில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. குருநகர்க் கரையில் உள்ள ஐஸ் றூமுக்குள் எவ்வளவு குளிர் என்று அது காட்டும். பச்சை லைற் எரிந்தால் அங்கே குளிரை அளக்கிற பெட்டியோடு தொடர்பு இருக்கிறதாம். இரண்டையும் பொருத்தியவன் ஜஸ்ரின். வயது நாற்பது, வாய்க்கு அறுபது. விடிய ஐஸ் றூமைத் திறந்துவிட்டுக் கந்தோரில் காவல் இருப்பது என் வேலை. குளிரைத் திரையில் பார்த்து நம்புகிற ஆள் நான் இல்லை.

அன்று காலை செபஸ்தியம்மா வந்தாள். மறுநாள் அவள் மகள் லவீனாவுக்குக் கலியாணம். விருந்துக்கான இறால் முழுக்க அந்த அறைக்குள்தான்.

"பிலிப்பண்ணை, என்ரை இறால் என்னமாதிரி?"

"மைனஸ் பதினெட்டு எண்டு காட்டுது."

"பிறகென்ன."

"விடியத்திலையிருந்து அதைத்தான் காட்டுது. நாலு வள்ளக்காரர் கதவைத் திறந்து மீன் வைச்சவங்கள். நம்பர் அசையேல்லை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. நல்லூரில் வேலையாக நின்ற ஜஸ்ரினுக்குப் போன் எடுத்தேன்.

"பச்சை எரியுதோ மாமா?"

"ஓம்."

"அப்ப தொடர்பு இருக்கு. பேசாமல் இருங்கோ."

"அந்தப் பெட்டி கடைசியாய் எப்ப கதைச்சது?"

"குளிர் மாறினால்தான் அது கதைக்கும். இல்லாட்டிச் சும்மா இருக்கும்."

"செத்தாலும் சும்மாதானே இருக்கும்?"

மறுபக்கம் சத்தமில்லை.

"ஜஸ்ரின், நீ இருக்கிறியோ, செத்திட்டியோ?"

"இருக்கிறன் மாமா."

"பாத்தியோ, கேட்டால்தான் தெரியுது. நான் இருபது வருசம் கடலட்டைக்கு மூழ்கிறவங்களுக்குக் கயிறு பிடிச்சவன். கயிறு என்ரை கையிலை இருக்கிறதாலை கீழை ஆள் உயிரோடை எண்டு நம்பேலுமோ? இடைக்கிடை இழுப்பம். அவன் திருப்பி இழுப்பான். மூண்டு தரம் இழுத்தும் பதில் இல்லையெண்டால் ஆளைத் தூக்குவம். உன்ரை திரை ஒருக்காலெண்டாலும் இழுத்துப் பாத்ததோ?"

"இல்லை," என்றான். பிறகு, "வாறன்."

செபஸ்தியம்மா அவன் வரும்வரை நிற்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஐஸ் றூமுக்கு ஓடினாள். தன் மீன்பெட்டியைத் திறந்து ஒரு இறாலை எடுத்துச் சுவரில் தட்டினாள். கல்லுப்போலச் சத்தம் வந்தது. அப்படியே அந்த மீன்பெட்டிமேல் குந்திவிட்டாள்.

ஜஸ்ரின் வந்து நேரே கதவடிச் சுவருக்குப் போனான். அவனுடைய பெட்டியின் பிளக் கழன்று தொங்கியது. அதன் இடத்தில் நீல ரேப் சுற்றிய சார்ஜர் ஒன்று இருந்தது.

"இது ஆற்றை?"

செபஸ்தியம்மா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். விடிய போனைச் சார்ஜ் போட்டவன், போனை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"உன்ரை பெட்டி போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

"கழுத்தைத் திருகேக்கை கோழி போயிட்டு வாறன் எண்டு சொல்லுமோ மாமா?"

அன்றே அவன் திரையை மாற்றினான். இனி நிமிடத்துக்கு ஒருமுறை அது பெட்டியைக் கூப்பிடும். மூன்று முறை பதில் வராவிட்டால் சிவப்பு எரிந்து மணி அடிக்கும். ஒருமுறையே போதும் என்றேன் நான்.

"கடல் ஆடினால் ஒரு இழுவை தவறும். உங்களுக்குத் தெரியாததோ?"

தெரியும். சார்ஜரைச் சுருட்டி மடிக்குள் வைத்தேன்.

மறுநாள் விருந்தில் செபஸ்தியம்மாவே என் சாப்பாட்டுக் கோப்பையில் இறாலைக் குவித்தாள். "அண்ணை, போனுக்குச் சார்ஜ் இருக்கோ?" என்றாள். நான் பேசவில்லை. அடுத்த சுற்றிலும் அதையே கேட்டாள். மூன்றாம் தரம் பதில் சொல்லத்தான் நினைத்தேன். வாய் நிறைய இறால்.

அவள் ஜஸ்ரின் பக்கம் திரும்பினாள்.

"மூண்டு தரம் கேட்டாச்சுத் தம்பி. ஆளைத் தூக்குங்கோ."