மாடியறைக் காயீன்

எழுத்தாளரம்மாவின் பேய்க்கதைகளுக்கு ஒரே அச்சுதான். பாழடைந்த மாளிகைக்கு எங்கிருந்தோ ஒரு ஆள் வருவான், ஊரே அவனைப் பார்த்து நடுங்கும், கடைசி அத்தியாயத்தில் எரிந்து சாவான். பைபிள் கதையிலிருந்து யாரையாவது இழுத்து வந்து அவன் தலையில் கட்டாவிட்டால் அம்மாவுக்குப் பேனா ஓடாது. வீட்டுக்கு வருகிறவர்களையும் விட்டதில்லை. மத்தியானம் வரை தூங்கும் தம்பி, செத்துப் பிழைத்த லாசரு; குழாய் ரிப்பேருக்கு வருபவர், வெள்ளத்தில் தப்பிய நோவா. கணவர் தச்சர். அவரை யோசேப்பு என்று அழைத்தால் தன்னை மாதா என்று சொல்லிவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு, அவரை மட்டும் விட்டுவைத்தாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில் போய் மாட்டினான், மாடியறைக்குப் புதிதாகக் குடிவந்த லிஃப்ட் மெக்கானிக். ஏணி மாதிரி உயரம். அதிகம் பேச மாட்டான். கையில் கறுப்புப் பை, வேளை கெட்ட வேளையில் போக்குவரத்து. எல்லாவற்றுக்கும் மேலே, நெற்றியில் ஒரு சிவந்த தடம். மங்கும், மறுபடி புதிதாகச் சிவக்கும். அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. தம்பியைக் கொன்று, கடவுள் கையால் முத்திரை வாங்கி, நிலையில்லாமல் அலைந்த காயீன் நம்ம மாடியிலேயே வாடகைக்கு இருக்கிறான். அவனை வைத்து வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதை பிய்த்துக்கொண்டு போனது. உயரம், பை, நெற்றித் தடம் எதையும் அவள் மாற்றவில்லை. சோம்பல், வேறென்ன.

சனிக்கிழமை அவன் கீழே வந்து கதவைத் தட்டினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க என் ரூமைப் பார்க்க வர்றாங்கம்மா. பொண்ணோட அம்மா உங்க கதையை விடாம படிக்கிறவங்களாம். அந்தக் கொலைகாரன் நீங்கதானான்னு போன்லயே கேட்டுட்டாங்க. எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்ல. நான் யாரைம்மா கொல்லுவேன்?"

எழுத்தாளரம்மா நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவனை எரிக்கும் அத்தியாயம் அச்சாகி முடிந்துவிட்டது. காலையில் கடைக்கு வந்துவிடும்.

"அப்ப நெத்தியில அது?"

"உங்க மாடிக் கதவு நிலைதான். குனிஞ்சாலும் இடிக்குது. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அந்த வீட்டில் எல்லோரும் குள்ளம். தச்சர் தன் உயரத்தை அளவாக வைத்து நிலை போட்டிருந்தார். மேல்சட்டத்தின் நடுவில் தலையெண்ணெய்க் கறை பளபளத்தது. கடவுள் போட்ட முத்திரை என்று வாராவாரம் எழுதித் தள்ளினாளே, போட்டவர் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நல்ல பிள்ளையின் கல்யாணத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் கேட்டதும் தச்சர் ரம்பத்தைத் தூக்கினார். அவள் தடுத்தாள். "அவங்க பார்க்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. நமக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதான்."

ஞாயிற்றுக்கிழமை பொண்ணோட அம்மா பத்திரிகையும் கையுமாக வந்தாள். எரிக்கிற பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். மாடிப்படியில் எழுத்தாளரம்மா நிலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள்.

"கதை எழுதுறவங்க நீங்க, உங்களுக்குச் சொல்லவா தெரியாது?" என்றாள் அந்த அம்மா.

இந்தப் பேச்சுக்கெல்லாம் பொண்ணுக்குப் பொறுமை இல்லை. அம்மாவை விட ஒரு தலை உயரமான அவள், அறையைப் பார்க்க விறுவிறுவென்று முன்னால் போனாள்.

மடார் என்று ஒரு சத்தம்.

உள்ளேயிருந்து ஈரத்துண்டோடு ஓடிவந்த மெக்கானிக்கும் அவசரத்தில் அதே இடத்தில் இடித்துக்கொண்டான். இரண்டு பேரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொண்ணோட அம்மா மகளின் கையை விலக்கிப் பார்த்தாள். அதே இடம், அதே சிவப்பு. அவன் நெற்றியைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள். பத்திரிகையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"இதுக்குப் போயா ஒரு மனுஷனை எரிச்சீங்க?"

"தப்புதாங்க," என்றாள் எழுத்தாளரம்மா.

ரம்பத்தோடு நின்ற தச்சர் மெதுவாகக் கேட்டார்: "இப்பவாவது அறுக்கலாமா?"

பொண்ணு ஈரத்துண்டை நெற்றியில் வைத்தபடியே நிலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா உயர்த்தியே அறுங்க. இனிமே இங்க ரெண்டு நெட்டைங்க இருக்கப் போறோம்."