யாரிடமும் சொல்ல மாட்டேன்

அறுநூறு மணி நேரக் களப்பணியில் நானூற்று முப்பத்தேழரை மணி நேரம் முடிந்திருந்தபோது, சொல்லவே கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

சமூகப்பணி முதுகலையில் முதல் வாரமே இதைச் சொல்லித்தருவார்கள். ரகசியம் காப்போம். ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்றால் மேலே சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பவர் பேசத் தொடங்கும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

நான் வேதியியல் பட்டதாரி. பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள். களப்பணியில் ஒவ்வொரு உரையாடலையும் நினைவிலிருந்து எழுதித் தர வேண்டும். நான் மௌனங்களையும் விநாடிக் கணக்கில் எழுதினேன். மேற்பார்வையாளர் மேடம் அதைப் படித்துவிட்டு, "நீ பேசினதை விட பேசாம இருந்ததுதான் ஜாஸ்தி" என்றார்.

எனக்குக் கொடுத்த வழக்கு ஒரு தாயும் ஏழு வயது மகளும். தாய் தையற்கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவர். அங்கே எல்லாருக்கும் அவர் காலரக்கா. எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு வந்த மகள் தட்டியும் திறக்காத கதவுக்கு வெளியே, படிக்கட்டில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் தகவல் கொடுத்தார்கள். ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்ததாகத் தாய் சொன்னார். குழந்தை காப்பகத்துக்குப் போனாள். சனிக்கிழமைதோறும் தாய் போய்ப் பார்க்கலாம். இடையில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அவர் போகவில்லை. 'தாய்க்கு ஆர்வம் குறைவு' என்று கோப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். குழந்தை வீட்டுக்குத் திரும்புவதா, இன்னும் ஒரு வருடம் காப்பகத்திலேயே இருப்பதா என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். அதற்கு முன் ஆறு முறை சந்தித்து அறிக்கை எழுதுவது என் வேலை.

முதல் சந்திப்பில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சரம்மா, அடுத்த கேள்விக்கு மேலிடத்துல கையெழுத்து வாங்கணுமா?" என்றார்.

மூன்றாவது முறை போனபோது மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். விளிம்பில் மூன்று மடிப்பு உள்ளே தள்ளித் தைத்திருந்தார். வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

"அளவு எப்படிக்கா எடுத்தீங்க?"

"கண்ணாலதான். சனிக்கிழமை வந்து தோளைப் புடிச்சு நிக்கும்ல, அப்ப பாத்துக்குவேன். டேப்பைக் கொண்டு போனா, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்னு நெனைச்சுக்கும். ஏமாத்தக் கூடாதுல்ல?"

எங்கள் புத்தகங்களில் குழந்தைக்குப் பொய் நம்பிக்கை தருவது பற்றி முழு அத்தியாயம் இருக்கிறது. அவர் அதை டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதில் முடித்திருந்தார்.

ஐந்தாவது சந்திப்பு தையற்கூடத்தின் மாடிப்படியில், சாப்பாட்டு நேரத்தில். அந்த மூன்று சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். டிபன் பாக்ஸை மூடினார்.

"இதை எழுதுவியா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாடமெல்லாம் மறந்துபோனது. வாக்குக் கொடுத்தேன். அவர் பதினொரு நிமிடம் பேசினார். பேசியது என்னவென்று இங்கே எழுதவில்லை. அவர் வாயால் வரும்வரை அது அவருடையது.

அறைக்குத் திரும்பியதும் உடன் பயிற்சி பெறும் கண்டக்டர் அண்ணனிடம் வாக்கு கொடுத்ததை மட்டும் சொன்னேன். பதினாறு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர்.

"போகாத ஊருக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துட்டியேம்மா" என்று தலையில் கை வைத்தார். பிறகு, "ஆனா பாரு, உன்கிட்டப் போய் மனசு விட்டுச் சொல்லிருக்காங்க. எனக்கெல்லாம் இன்னும் வீட்டு நம்பரே சரியாச் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார்.

மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"குழந்தை திரும்பிப் போனா அந்த வீட்டுக்குத்தான் போகணும். இது தெரியாம குழு முடிவெடுக்க முடியாது. அவங்களே சொன்னா நல்லது. இல்லன்னா உன் அறிக்கையில வரும். ஆனா அவங்களுக்குத் தெரியாம வரக் கூடாது. இன்னைக்கே போய்ச் சொல்லிடு."

காலரக்கா தையல் இயந்திரத்தில் இருந்தார். பக்கத்தில் நின்று, சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு உரிமையே இல்ல. தப்பு என்னோடது. மேடம்கிட்ட சொல்லிட்டேன். குழுவுக்கும் தெரிஞ்சாகணும்."

அவர் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு வாய்க்கு வாய் அக்கா அக்கான்னியே."

"இப்பவும் அக்காதான்."

"வேலை நேரம். போம்மா."

நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிரவே இல்லை. தைத்த காலரைத் திருப்பி முனைகளை ஊசியால் வெளியே எடுத்துக் கூடையில் போட்டார். நான் பேசிக்கொண்டிருந்தபோது தைத்தது அது. இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தன.

குழுக்கூட்டம் ஒரு நீள அறையில். குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். காலரக்கா இஸ்திரி போட்ட புடவையில், நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். நானும் மேடமும் அவருக்கு இடப்பக்கம். அவர் மாடிப்படியில் சொன்னது என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"மூணு சனிக்கிழமை நீங்க வரல. ஏன்?" என்றார் தலைவர்.

"வேலை சார்."

"தையற்கூடத்து வருகைப்பதிவு இதோ இருக்கு. அந்த மூணு வாரமும் நீங்க லீவு."

காலரக்கா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து விநாடி. தலைவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. இன்னும் ஒரு வருடம். சீருடையின் மூன்று மடிப்பும் அதற்குள் போதாமல் போய்விடும்.

"பயிற்சி மாணவி, உங்க அறிக்கையில ஏதாவது இருக்கா?"

எழுந்தேன். மேசையின் கடைசிவரை கேட்கும்படி நான் பேசியது அதுதான் முதல்முறை.

"இருக்கு சார். படிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு இன்னொரு தடவை பேச வாய்ப்பு கொடுங்க."

தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். காலரக்காவும் என்னைப் பார்த்தார். தையற்கூடத்தில் என்னைப் போகச் சொன்ன பிறகு, அப்போதுதான் பார்த்தார்.

"உக்காரு டீச்சரம்மா" என்றார். "நீ படிச்சா, பாவம்னு இரக்கப்பட்டு எழுதின மாதிரி கேக்கும்."

அவர் எழுந்து நின்றார். புடவைத் தலைப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் நேராகத் தொங்கின. தலைவரைப் பார்த்தே பேசினார். குரல் தணியவில்லை. இத்தனை பேர் கேட்க ஒரு சொல் பேசுவதற்கே என் உயிர் போய்விடுகிறது. அவர் பேசியது எதை என்று நினைத்தால், இப்போதும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

"அன்னைக்கு நான் ஓவர்டைம் போகல சார். பொய் சொன்னேன். வீட்டுக்குள்ளதான் இருந்தேன். என் புள்ள கதவைத் தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. குடிச்சிருந்தேன், எந்திரிக்க முடியல. நீங்க கேக்குற அந்த மூணு வாரம், குடியை நிறுத்துற ஆஸ்பத்திரியில இருந்தேன். யாரும் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போய்ச் சேந்தேன்."